பழைய கணினியில் விமானம் ஓட்டலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுற்றியே இருந்தன. வயதான கணினி, கையில் அளவான பணம், விமான சிமுலேட்டர் மீது தீராத ஆசை. என்னென்ன வாங்கலாம் என்று எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். எது தடுக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு வாங்குங்கள் என்பதே என் பிடிவாதம். அது தெரியாமல் போட்ட பணம் பெரும்பாலும் வீண்தான்.

கேள்வி: ஐ5-4460 பிராசசர், 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம், ஜி.டி.எக்ஸ் 750 டி.ஐ, ஹார்டு டிஸ்க். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 திணறித் திணறி ஓடுகிறது. எதை முதலில் மாற்றுவது?

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரே விமான நிலையத்தில், ஒரே வானிலையில், ஓடுபாதை முனையில் விமானத்தை நிறுத்துங்கள். கிராபிக்ஸ் அமைப்பில் ‘ரெண்டர் ஸ்கேலிங்’ (படம் வரையப்படும் நுணுக்கம்) 100 இருக்கும்போது ஒரு நொடிக்கு எத்தனை பிரேம் (திரையில் மாறும் படங்கள்) வருகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு அதை 50 ஆக்குங்கள். பிரேம் எண்ணிக்கை துள்ளி ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. ஒன்றிரண்டு மட்டுமே கூடினால் தடை பிராசசரில். ‘டெவலப்பர் மோடு’ வழியாகப் பிரேம் கணக்கைத் திரையில் காட்டச் சொன்னால், ‘மெயின் த்ரெட்’ (பிராசசரின் ஒரே கோரில் ஓடும் முதன்மை வேலை இழை) தடுக்கிறதா, ‘ஜி.பி.யூ.’ தடுக்கிறதா என்று சிமுலேட்டரே சொல்லிவிடும்.

டாஸ்க் மேனேஜரை மட்டும் நம்பாதீர்கள். மொத்தப் பிராசசரும் நாற்பது சதவீதம்தான் வேலை செய்வதாக அது காட்டும். உள்ளே ஒரு கோர் மட்டும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருக்கும். விமான சிமுலேட்டரில் வேலையின் பெரும்பங்கு அந்த ஒற்றை இழையின் மேல்தான் விழுகிறது. அதனால்தான் எட்டுக் கோர் கொண்ட பழைய சர்வர் பிராசசரைவிட, வேகமான நான்கு கோர் பிராசசர் இங்கே நன்றாகப் பறக்கிறது.

உங்கள் ஐ5-4460, அந்த சிமுலேட்டர் 2020 ஆகஸ்டில் வெளியானபோது அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தேவை. அதாவது, ஓடும்; அவ்வளவுதான். அதே சாக்கெட்டில் (மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) ஐ7-4790 பொருந்தும். ஆனால் 3.4 கிகாஹெர்ட்ஸ் உச்சத்திலிருந்து 4.0 கிகாஹெர்ட்ஸுக்குப் போவதற்கு அதிகம் கொடுக்க வேண்டாம். பழைய சாமான் விலைக்குக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். இன்னொன்றையும் யோசியுங்கள்: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர் பட்டியலில் நான்காம் தலைமுறை இன்டெல் இல்லை. ஆகவே இந்த மதர்போர்டோடு சாகும் பொருளில் பணம் போடாமல், அடுத்த கணினிக்கும் கூடவே வரும் பொருளில் போடுங்கள். என் வரிசை இது: சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகம்), பிறகு தரமான பவர் சப்ளை, பிறகு 8 ஜி.பி. நினைவகம் உள்ள கிராபிக்ஸ் கார்டு. டி.டி.ஆர்.3 ராம் அடுத்த கணினிக்கு வராது. இருந்தாலும் 8 ஜி.பி. போதவே போதாது என்பதால், பயன்படுத்திய ஒரு 8 ஜி.பி. துண்டை மலிவாகத் தேடிச் சேர்த்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பு செலவே இல்லாத வேலை ஒன்று இருக்கிறது. ‘டெரெய்ன் லெவல் ஆஃப் டீடெய்ல்’ (தரைக்காட்சியின் விவர அளவு), விமானப் போக்குவரத்து, கண்ணாடித்திரை காக்பிட்டின் புதுப்பிப்பு வேகம் மூன்றையும் குறையுங்கள். மூன்றும் பிராசசரைத் தின்பவை. பெரிய நகரங்களை விட்டு விலகி, முள் டயல்கள் கொண்ட செஸ்னா 152இல் பறந்து பாருங்கள். அதே கணினியா என்று கேட்பீர்கள். 2024 பதிப்பை மட்டும் இந்தக் கணினியில் முயல வேண்டாம். அதன் குறைந்தபட்சமே ரைசன் 5 2600எக்ஸ், 16 ஜி.பி. ராம்.

கேள்வி: எஸ்.எஸ்.டி. போட்டால் பிரேம் கூடுமா?

கூடாது. ஆனால் விமானம் ஏற்றப்படும் நேரம் வெகுவாகக் குறையும். தரைக்காட்சி மாறும் இடங்களில் திரை ஒரு நொடி உறைந்து நிற்பதும் குறையும். ஹார்டு டிஸ்க்கில் சிமுலேட்டர் ஓட்டுவதை இனியும் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: ரைசன் 5 1600, பி350 மதர்போர்டு, 16 ஜி.பி. ராம், ஜி.டி.எக்ஸ் 1660 சூப்பர். மதர்போர்டு, ராம், பிராசசர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர். உண்மையா?

வேண்டாம். இம்முறை வந்த கேள்விகளில் அதிர்ஷ்டசாலி நீங்கள்தான். 2016இல் தொடங்கிய ஏ.எம்.4 சாக்கெட், 2022இல் வந்த ரைசன் 5 5600 வரை உங்களைத் தாங்கும். மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் மாடலின் பிராசசர் ஆதரவுப் பட்டியலைத் திறந்து, 5600க்கு எந்த பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) பதிப்பு தேவை என்று பாருங்கள். பழைய 1600 மாட்டியிருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். வரிசையை மாற்றினால் திரை இருட்டாகவே நிற்கும். டிரைவ் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், மீட்புச் சாவியை முதலிலேயே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றில் இருக்கும் 96 எம்.பி. எல்3 கேஷ் விமான சிமுலேட்டருக்காகவே செய்தது போலப் பொருந்தும். அடிக்கடி தொடும் தரவு ராமுக்குப் போய்வராமல் பிராசசருக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. இருந்தாலும் உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு 5600 போதும். 32 எம்.பி. கேஷும் கூடவே ஒரு குளிர்விப்பானும் அதே பெட்டியில் வருகின்றன. எக்ஸ்3டி வகைக்குக் குளிர்விப்பானைத் தனியாக வாங்க வேண்டும். ராமை விற்றுவிடாதீர்கள். 2025 இறுதியிலிருந்து ராம் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில், இருக்கும் டி.டி.ஆர்.4 ஒரு சொத்து. பயாஸில் எக்ஸ்.எம்.பி. (ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பு) இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அதை இயக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: ஆர்.எக்ஸ் 580 8 ஜி.பி. மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பார்த்து வாங்கலாம். அந்தப் பெயரில் இரண்டு கார்டுகள் சந்தையில் உலவுகின்றன. அசல் 580இல் 2304 ஷேடர்கள் (படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள்). ‘2048எஸ்.பி.’ என்ற வகையில் பெயருக்கேற்ப 2048தான். அட்டைப்பெட்டியில் இது சின்ன எழுத்தில் இருக்கும், விளம்பரத்தில் இருக்கவே இருக்காது. விற்பவரின் கணினியில் ‘ஜி.பி.யூ.-இசட்’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஷேடர் எண்ணிக்கையைக் கண்ணால் பாருங்கள். கார்டைப் பதினைந்து நிமிடமாவது முழுச் சுமையில் ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால், விசிறி கரகரத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் இரவு பகலாக உழைத்த கார்டுகள் இவற்றில் அதிகம்.

இன்னும் கொஞ்சம் சேர்க்க முடிந்தால் ஆர்.எக்ஸ் 6600ஐத் தேடுங்கள். 580 கேட்கும் 185 வாட்டுக்குப் பதில் 132 வாட்டில், அதைவிட நன்றாக ஓடுகிறது. இன்டெல் ஆர்க் கார்டுகளைப் பழைய மதர்போர்டுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கார்டின் முழு நினைவகத்தையும் பிராசசர் ஒரே வீச்சில் அணுகவிடும் ‘ரீசைசபிள் பார்’ வசதி இல்லாத இடத்தில் அவை தடுமாறும்.

கேள்வி: அலுவலகங்களில் கழித்துவிட்ட ஒல்லியான கணினி ஒன்று வாங்கினேன். அதில் எந்த கிராபிக்ஸ் கார்டு போடலாம்?

பெட்டியைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: கார்டுக்கான இடத்தின் உயரமும், பவர் சப்ளையில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணும். ஒல்லிப் பெட்டி என்றால் அரை உயர கார்டுதான் நுழையும். தனி மின்கம்பி தேவைப்படாத கார்டாகவும் இருக்க வேண்டும். ஜி.டி.எக்ஸ் 1650, ஆர்.டி.எக்ஸ் 3050 6 ஜி.பி. இரண்டிலும் அரை உயர மாடல்கள் உண்டு, இரண்டும் 75 வாட்டுக்குள் அடங்கும். ஆர்.எக்ஸ் 6400 வேண்டாம். பழைய பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 3.0 செருகிடத்தில் அது தரவு போகும் நான்கு தடங்களோடு மட்டுப்பட்டுவிடும். பவர் சப்ளையை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இவ்வகைக் கணினிகள் பலவற்றில் வழக்கமான 24 முள் இணைப்புக்குப் பதில் நிறுவனத்தின் சொந்த இணைப்பே இருக்கிறது.

கேள்வி: முதல் இருபது நிமிடம் நன்றாக ஓடுகிறது. பிறகு பிரேம் பாதியாகிறது. பிராசசர் போய்விட்டதா?

பிராசசர் நலமாகத்தான் இருக்கும். சூடு. வெப்பநிலை காட்டும் மென்பொருளில் 90 டிகிரியைத் தாண்டி நின்றால், பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது என்று பொருள். மின்சாரத்தைத் துண்டித்து, குளிர்விப்பானின் விசிறியைக் கழற்றிப் பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது சுத்தமாகத் தெரியும். விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போலத் தூசி படிந்திருக்கும். அதை நீக்கி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வையுங்கள். இன்டெல் பெட்டியோடு வரும் குளிர்விப்பான் என்றால் அதன் நான்கு பிளாஸ்டிக் முளைகளையும் ஒவ்வொன்றாக இழுத்துச் சரிபாருங்கள். ஒன்று நெகிழ்ந்திருந்தாலும் ஒரு மூலை தூக்கிக்கொண்டு, சூடு தகட்டுக்கு ஏறாது. நம் ஊர்க் கோடையில் மூடிய மேசை அறைக்குள் கணினியை வைத்திருந்தால் அதையும் வெளியே எடுங்கள்.

கேள்வி: தனி கிராபிக்ஸ் இல்லாத மடிக்கணினி, 8 ஜி.பி. ராம். இதில் என்ன செய்யலாம்?

ராம் ஒரே துண்டாக இருந்து இன்னொரு இடம் காலியாக இருந்தால், இரண்டாவது துண்டு போடுங்கள். உள்ளிணைந்த கிராபிக்ஸ் அதே ராமைத்தான் பங்கிடுகிறது, இரட்டைத் தடம் அதற்கு உடனே உதவும். ஓட்டுவதற்கு இலவசமான ஃபிளைட்கியர், அல்லது 2014இல் ஸ்டீம் இணையக் கடையில் வந்த எஃப்.எஸ்.எக்ஸ். (மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ்). பின்னது 32 பிட் நிரல் என்பதால் 4 ஜி.பி.க்கு மேல் அதனால் தொடவே முடியாது. ஆகவே அதற்கென்று ராமை 32 ஜி.பி. ஆக்கத் தேவையில்லை.

கேள்வி: 28 பிரேம்தான் வருகிறது. 60 இல்லாமல் பறப்பது பயனுள்ளதா? விமானி பயிற்சியில் சேரவிருக்கிறேன், வீட்டிலேயே பழக நினைக்கிறேன்.

துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்குச் சொல்லப்படும் 60 என்ற எண்ணை இங்கே கொண்டுவர வேண்டியதில்லை. 25க்கும் 50க்கும் நடுவே ஊசலாடும் படத்தைவிட, அசையாமல் 30இல் நிற்கும் படத்தில் தரையிறங்குவது எளிது. அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்து, 30இல் பூட்டிவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் சரிபாதியாக அமைவதால் அசைவு சீராக இருக்கும்.

உங்களைப் பொறுத்தவரை கிராபிக்ஸ் கார்டுக்கு ஒதுக்கிய பணத்தைக் கட்டுப்பாடுகளுக்குத் திருப்புங்கள். விசைப்பலகையில் பழகிய கை, உண்மை விமானத்தில் தடுமாறும். திருகினால் ரட்டராக (வாலில் உள்ள திசைமாற்றும் பலகை) வேலை செய்யும் ஜாய்ஸ்டிக்கில் தொடங்கி, முடிந்தால் ரட்டர் பெடல் சேருங்கள். எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரின் இலவச மாதிரிப் பதிப்பு உங்கள் கணினியில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு மட்டும் அதை வாங்குங்கள். வீட்டு சிமுலேட்டரில் பறந்த நேரம் உரிமத்துக்கான பறப்பு மணியில் சேராது. ஆனால் சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுச் சொல்வது, விமான நிலையச் சுற்றுப்பாதையில் உயரமும் வேகமும் காப்பது, ஐ.எல்.எஸ். (தரையிறங்க வழிகாட்டும் ரேடியோ அமைப்பு) ஊசிகளைப் பின்தொடர்வது எல்லாம் அங்கே படியும். செஸ்னா 172 ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி விமானம் மாற்றாதீர்கள். பயிற்றுநர் கிடைத்ததும் அவர் சொல்லும் முறை வேறாக இருந்தால், அவர் முறையையே வீட்டிலும் பின்பற்றுங்கள்.