மார்ச் மாத ஆவரேஜை நம்பாதீர்கள்: ஜயண்ட்ஸ் முகாம் கேள்வி பதில்

சான்பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர்களும் (பந்து போடுபவர்கள்) கேட்சர்களும் (அதைப் பிடிப்பவர்கள்) அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். 2026 மார்ச் 25 இரவு சான்பிரான்சிஸ்கோ ஓரக்கிள் பார்க்கில் யாங்கீஸுடன் சீசனின் முதல் ஆட்டம். அதுவரை ஓடும் நாட்களுக்காக, வழக்கம்போல் நம் வட்டார ரசிகர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன்; அடைப்புக்குறியில் அவரவர் ஊர். 2009-இலிருந்து ஜயண்ட்ஸ் பார்ப்பவன், ஏழெட்டு முறை முகாமுக்கு நேரில் போனவன். வேறு தகுதி எனக்கு இல்லை.

கேள்வி (சன்னிவேல்): கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். ஸ்பிரிங் டிரெயினிங் என்பது சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆடும் பயிற்சி ஆட்டம் மாதிரியா?

கிட்டத்தட்ட. ஆனால் இங்கே அது சீசனுக்கு முன் ஆறு வாரம் நடக்கும் திருவிழா. முப்பது அணிகளில் பதினைந்து ஃப்ளோரிடாவில், பதினைந்து அரிசோனாவில். அரிசோனா பக்கத்துக்குக் கள்ளிச்செடியின் பெயர், கேக்டஸ் லீக். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முதலில் வருவார்கள், சில நாள் கழித்து மற்றவர்கள்.

ஆறு வாரம் யாருக்கு என்று கேட்டால், பிட்சருக்குத்தான். பேட்ஸ்மேன்கள் மூன்று வாரத்திலேயே தயாராகிவிடுவார்கள். பிட்சரின் தோளும் முழங்கையும் அப்படி இல்லை. முதல் ஆட்டத்தில் ஒன்றிரண்டு இன்னிங்ஸ், ஐந்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று படியேறி, மார்ச் கடைசியில்தான் எண்பது, தொண்ணூறு பந்து போடும் நிலைக்கு வருவார்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் அணியிலேயே உதாரணம் இருக்கிறது. பிளேக் ஸ்னெல் 2023-இல் சிறந்த பிட்சருக்கான சய் யங் விருது வாங்கியவர். பேரம் இழுத்துக்கொண்டே போய், 2024 மார்ச் 19-இல்தான் ஜயண்ட்ஸில் கையெழுத்துப் போட்டார். முகாம் முடியும் நேரம். முதல் ஆறு ஆட்டங்களில் அவருடைய இ.ஆர்.ஏ. 9.51. அதாவது ஒரு முழு ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்பதரை ரன் விட்டுக்கொடுத்தார். நடுவில் காயம் வேறு. கோடையில் உடம்பு வழிக்கு வந்தது. ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் தனியாளாக முடித்தார். ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் அதே ஆள், அதே கை.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): டிவியில் ஒரு பயிற்சி ஆட்டம் பார்த்தேன். ஆறாவது இன்னிங்ஸில் களத்தில் ஒருவரையும் அடையாளம் தெரியவில்லையே?

எனக்கும் தெரியாது. ஸ்காட்ஸ்டேலில் ஸ்கோர் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்தால், ஐந்தாவது இன்னிங்ஸோடு என் அட்டை பாழாகிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயரை அடித்து, அதன் மேல் இன்னொன்றை நுணுக்கி எழுதி, கடைசியில் வெறும் எண்தான்: 87, 93, 96. சட்டையின் முதுகில் பெயரே இருக்காது. நட்சத்திரங்கள் அப்போது குளித்துவிட்டு கோல்ஃப் ஆடப் போயிருப்பார்கள். ஆட்டம் டையில் முடிந்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

எனக்கு அந்தக் கடைசி மூன்று இன்னிங்ஸ்தான் பிடிக்கும். 93-ஆம் எண்காரன் ஒவ்வொரு பந்துக்கும் உயிரைக் கொடுத்து ஓடுவான்.

கேள்வி (மில்பிடாஸ்): நம் ஆள் ஒருவர் .400 அடித்துக்கொண்டிருக்கிறார், பத்து முறைக்கு நான்கு ஹிட். அவரை ஏன் முதல் வரிசையில் போடவில்லை?

மார்ச் மாத ஆவரேஜை நம்பாதீர்கள். எதிரே பந்து போடுபவர் புதிதாகக் கற்ற ஒரு பந்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்; அடி வாங்கினாலும் அவருக்குக் கவலையில்லை. ஏழாவது இன்னிங்ஸில் வருபவர் மைனரில், அதாவது மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள லீக்குகளில், இன்னும் டபிள் ஏ நிலையைத் தாண்டாத பையன். அரிசோனாவின் காய்ந்த காற்றில் பந்து வளையாது, ஆனால் நன்றாகப் பறக்கும். போதாக்குறைக்கு நம் ஆள் மொத்தமே நாற்பது ஐம்பது முறைதான் பேட் பிடித்திருப்பார்.

தலைகீழாகவும் நடக்கும். 2018-இல், பேட்டிங்கும் பிட்சிங்கும் செய்யும் ஒஹ்தானி ஏஞ்சல்ஸ் அணியின் டெம்பி முகாமுக்கு வந்தபோது 32 முறை பேட் செய்து 4 ஹிட், ஆவரேஜ் .125. பிட்சிங்கில் இ.ஆர்.ஏ. 27.00. இவரை மைனருக்கு அனுப்புங்கள் என்று கூவினார்கள். முகாமின் கடைசி நாட்களில் முன்காலைத் தூக்கி அடிக்கும் பழக்கத்தை விட்டார். அந்த ஆண்டே சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்கு.

கேள்வி (சான் ஹோசே): பிறகு எதை வைத்துத்தான் சீசனுக்கான 26 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

பாதிக்கு மேல் காகிதத்தை வைத்து. அணியின் கையில் நாற்பது பேர் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் 26 பேர். நாற்பதில் இருக்கும் ஒருவரை மைனருக்கு அனுப்ப 'ஆப்ஷன்' வேண்டும். பொதுவாக ஒருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஆப்ஷன் உண்டு. அது தீர்ந்துவிட்டால், அனுப்புவதற்கு முன் மற்ற 29 அணிகளும் அவரை எடுத்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். ஆகவே .200 அடித்தவர் ஆப்ஷன் தீர்ந்தவராகவும், .380 அடித்தவர் ஆப்ஷன் மிச்சமிருப்பவராகவும் இருந்தால், விமானத்தில் யார் நம் மைனர் அணி இருக்கும் சேக்ரமெண்டோவுக்குப் போவார் என்று நானே சொல்லிவிடுவேன்.

நாற்பதில் இல்லாமல் விருந்தாளியாக முகாமுக்கு வருபவர்கள் இன்னொரு கூட்டம். பெரும்பாலோர் போன சுவடு தெரியாமல் போய்விடுவார்கள். 2012-இல் அப்படி வந்தவர் அவுட்ஃபீல்டர் கிரகோர் பிளாங்கோ. முகாமில் ஓடியே இடம் பிடித்தார். ஜூன் 13 அன்று நம் பிட்சர் மேட் கெய்ன், எதிரணியில் ஒருவரையும் பேஸ் ஏற விடாத பர்ஃபெக்ட் கேம் ஆடியபோது, ஏழாவது இன்னிங்ஸில் வலப்பக்க ஆழத்தில் பாய்ந்து பிடித்தாரே, அந்தக் கேட்ச் இல்லையென்றால் சரித்திரமே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பிட்சர் ரையன் வோகல்சாங்கும் விருந்தாளிதான். ஜப்பானில் எல்லாம் ஆடிவிட்டு வந்தவர். மார்ச்சில் இடம் கிடைக்கவில்லை, அப்போது நம் மைனர் அணி இருந்த ஃப்ரெஸ்னோவுக்கு அனுப்பினார்கள். ஏப்ரலில் பிட்சர் பேரி ஜீட்டோவுக்குக் காலில் அடிபட, கூப்பிட்டு அனுப்பினார்கள். ஜூலையில் நட்சத்திரங்கள் ஆடும் ஆல் ஸ்டார் அணியில் இடம்!

கேள்வி (டப்ளின்): இன்னொரு புதுப் பையன் .420 அடிக்கிறானே, அவனாவது?

மேலே மில்பிடாஸ்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (சான் ரமோன்): முதல் பேஸ் ஆடும் இளம் வீரர் பிரைஸ் எல்ட்ரிஜை முதல் நாளே ஆட வைப்பார்களா? இல்லை, காசு மிச்சம் பிடிக்கச் சேக்ரமெண்டோவில் உட்கார வைப்பார்களா?

என் ஊகம், சேக்ரமெண்டோ வழியாகத்தான் வருவார். முதல் பேஸில் டெவர்ஸ் இருக்கிறார், எல்ட்ரிஜுக்கு 2025 இலையுதிர் காலத்தில்தான் மணிக்கட்டில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் நீங்கள் 'காசு' என்று கேட்டதால் விளக்குகிறேன்.

மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓர் ஆண்டு பணிக்காலம். ஆறு ஆண்டு முடிந்தால் வீரர் சுதந்திரப் பறவை, யாரிடமும் விலை பேசலாம். சீசனோ 180 நாளைத் தாண்டும். ஆகவே முதல் இரண்டு வாரம் பையனை மைனரில் வைத்தால் 171 நாளில் கணக்கு நின்றுவிடும். அணிக்கு ஏழாவது ஆண்டு இலவச இணைப்பு. 2015-இல் கப்ஸ் அணியின் கிறிஸ் பிரயன்ட் முகாமில் ஒன்பது ஹோம் ரன், ஆவரேஜ் .425. மைனருக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 17-இல் கூப்பிட்டார்கள். சீசன் முடிவில் சரியாக 171 நாள். சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். வழக்காடிப் பார்த்தார், 2020-இல் தோற்றார்.

கேள்வி (ஓக்லண்ட்): இது பட்டப்பகல் திருட்டு. நம் கேட்சர் பஸ்டர் போசியையும் 2010-இல் இப்படித்தானே மே 29 வரை ஃப்ரெஸ்னோவில் வைத்திருந்தார்கள்? இன்று அவரே நிர்வாகத் தலைவர். இப்போது என்ன சொல்வார்?

கேள்வி (குப்பர்டினோ): போசி கல்லூரியில் பாதியில்தான் கேட்சர் ஆனவர். கற்றுக்கொள்ள நேரம் வேண்டாமா? எல்லாவற்றையும் சதி என்பதா?

இருவரும் எனக்கு ஆளுக்கு நான்கு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். போசி விஷயத்தில் குப்பர்டினோ பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. பெங்கி மொலினா அப்போது அணியில் இருந்த மூத்த கேட்சர். ஜூலை தொடக்கத்தில் அவரை டெக்சாஸ் அணிக்கு அனுப்பிவிட்டுத்தான் பையனிடம் முழுப் பொறுப்பையும் கொடுத்தார்கள். அந்த நவம்பர் 1 அன்று அதே டெக்சாஸைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கினோம். எதிர் வரிசையில் மொலினா.

ஆனால் பிரயன்ட் விஷயத்தில் நான் ஓக்லண்ட் பக்கம். மூன்றாவது பேஸில் தடுப்பாட்டம் கற்க வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு நாளில் கற்றுக்கொண்டாராக்கும். இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. அந்த ஒரு நாள் குறையாமல் இருந்திருந்தால் 2020-லேயே அவர் ஒப்பந்தம் முடிந்திருக்கும். குறைந்ததால்தான் 2021 ஜூலை கடைசியில் கப்ஸ் அவரை நமக்கு மாற்றிக்கொடுக்க முடிந்தது. நாம் 107 ஆட்டம் வென்ற வருடம். நானும் எழுந்து நின்று கைதட்டினேன்.

அணிகளும் வீரர் சங்கமும் 2022-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்னணி இளம் வீரர் பட்டியல்களில் இருந்து, புதுமுக விருது வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்களுக்கு, எப்போது வந்தாலும் முழு ஆண்டு. 2024-இல் பிட்ஸ்பர்க் பால் ஸ்கீன்ஸை மே 11-இல்தான் கூப்பிட்டது. அவர் விருதையும் முழு ஆண்டையும் எடுத்துக்கொண்டார், அணிக்கு மிச்சம் ஒன்றுமில்லை. முதல் நாளிலிருந்தே ஆட வைத்த அணிக்கு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் கூடுதல் வாய்ப்பு கிடைக்கலாம். சியாட்டலுக்கு ஹூலியோ ரோட்ரிகஸால் கிடைத்தது.

கேள்வி (ஓக்லண்ட், மறுபடியும்): விருது வாங்காத பையன்கள் கதி?

பழைய கதிதான். நல்ல கேள்வி. குப்பர்டினோ, தயவுசெய்து இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

கேள்வி (சாண்டா கிளாரா): என் ஃபேண்டஸி அணிக்கு யாரை எடுக்கலாம்?

என் துறை இல்லை.

கேள்வி (பிளசன்டன்): குழந்தைகளுடன் முதல் முறை ஸ்காட்ஸ்டேல் போகிறோம். என்ன பார்க்கலாம்?

மைதானம் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். பயிற்சி முடிந்து வரும் வீரர்கள் பக்கவாட்டுத் தடுப்பருகே நின்று பந்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஓரக்கிள் பார்க்கில் அது நடக்காது. அவுட்ஃபீல்ட் புல்வெளிக்கு டிக்கெட் எடுத்துப் போர்வை விரித்து உட்காருங்கள்.

வெயில், வெயில், வெயில். நம் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்று பேசாதீர்கள். நானும் பேசியவன்தான். ஒருமுறை முகம், கை, கழுத்து எல்லாம் க்ரீம் தடவிக்கொண்டு, பாதத்தின் மேல்புறத்தை மறந்துவிட்டேன். ஏழு இன்னிங்ஸ். மறுநாள் ஷூ நுழையவில்லை. செருப்பு வார் இருந்த இடம் மட்டும் என் சொந்த நிறத்தில் இருந்தது. தொப்பி, தண்ணீர், பாதத்துக்கும் க்ரீம்.

கேள்வி (ஹேவர்ட்): நடுவர் சொன்னதை எதிர்த்து வீரர் தலையைத் தட்டுகிறாரே, அது என்ன?

2026-இல் வந்த விதி. பந்து அடிக்கும் எல்லைக்குள் வந்த ஸ்ட்ரைக்கா, வெளியே போன பாலா என்று கேமரா முடிவு சொல்லும். கேட்க உரிமை பேட்டர், பிட்சர், கேட்சர் மூவருக்கு மட்டும். அணிக்கு இரண்டு முறை. நீங்கள் சொன்னது சரியென்றால் வாய்ப்பு குறையாது. டிஆர்எஸ் பார்த்த நமக்கு விளக்கமே தேவையில்லை. புது விதிகளை மார்ச்சில் பார்ப்பது தனிச் சுகம். 2023 பிப்ரவரி 25, ஃப்ளோரிடாவின் நார்த் போர்ட்டில் பிரேவ்ஸும் ரெட் சாக்ஸும் 6-6. ஒன்பதாவது இன்னிங்ஸ், மூன்று பேஸிலும் ஆள், முழு கவுண்ட், அதாவது இன்னொரு ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். பேட்டர் நேரத்துக்குத் தயாராகவில்லை என்று, பந்துக்குப் பந்து நேரம் எண்ணும் பிட்ச் கிளாக் மூன்றாவது ஸ்ட்ரைக் கொடுத்து ஆட்டத்தையே முடித்துவிட்டது.

கேள்வி (டேலி சிட்டி): "முன்கையில் இறுக்கம்" என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டுமா?

ஆம். முதுகுவலி, தொடைப்பிடிப்பு எல்லாம் பரவாயில்லை. பிட்சருக்கு முன்கை என்றால் அடுத்த செய்தி முழங்கை, அதற்கடுத்தது முழங்கைத் தசைநாரை மாற்றும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, ஓராண்டுக்கு மேல் ஓய்வு. எப்போதும் அப்படி ஆகாது. ஆனாலும் நான் அன்று இரவு சரியாகத் தூங்க மாட்டேன்.

கேள்வி (யூனியன் சிட்டி): .400 அடிக்கும் அந்தப் பையனை...

இல்லை.

கேள்வி (ஃபாஸ்டர் சிட்டி): அட்டவணையில் மதியம் 1:05 என்று இருந்தது. நான் 1:05-க்கு டிவி போட்டபோது நான்காவது இன்னிங்ஸ். ஏன்?

அது அரிசோனா நேரம். அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை, ஆகவே இப்போது நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். உங்களுக்கு 12:05. மார்ச் 8 அன்று நாம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். நீங்கள் தவறவிட்ட மூன்று இன்னிங்ஸில்தான் தெரிந்த முகங்கள் ஆடியிருப்பார்கள். பரவாயில்லை, 93 எப்படி ஆடினான்?