வாசகர் கேள்வி – பதில்: போகும்போது சொன்ன வார்த்தை

கேள்வி: கொரோனா காற்றில் பரவும் என்பதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைமை விஞ்ஞானி சௌமியா சுவாமிநாதன் பதவியை விட்டுப் போகிற நேரத்தில் ஒத்துக்கொண்டார் என்று வாசித்தேன். எல்லாம் முடிந்த பிறகு சொல்லி யாருக்குப் பிரயோசனம்?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அந்தக் கோபம் எனக்கும் வந்தது அக்கா. 2020 மார்ச் 28 அன்று அந்த ஸ்தாபனம் 'கொவிட் காற்றில் பரவுவதில்லை' என்று அடித்துச் சொன்னது. இலங்கையில் முதல் கொரோனா மரணமும் அதே நாளில்தான்.

அதன் பிறகு நாம் என்ன செய்தோம்? புறக்கோட்டையில் கடைக்குக் கடை வாசலில் பீப்பாய், காலால் மிதித்தால் தண்ணீர் வருகிற குழாய். கையை நன்றாகக் கழுவிவிட்டு உள்ளே போனால் கண்ணாடிக் கதவை மூடி ஏசி ஓடிக்கொண்டிருக்கும். என் அம்மா கறிமிளகாயை ஒவ்வொன்றாகச் சவர்க்காரம் போட்டுக் கழுவினார், அன்று பின்னேரமே சொந்தக்காரர் வந்து ஜன்னல் சாத்திய அறையில் எல்லோரும் இரண்டு மணிநேரம் இருந்து கதைத்தோம். ஜன்னலைத் திற என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரு மூலையில் போட்ட சாம்பிராணிப் புகை அறை முழுக்கப் பரவி, போட்டவர் எழும்பிப் போன பிறகும் நிற்கிறதே, தொற்றியவரின் மூச்சும் மூடிய அறையில் அப்படித்தான் நிற்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மாவுக்கு உடனே விளங்கியிருக்கும்.

'காற்றில் பரவும்' என்று ஸ்தாபனம் வெளிப்படையாக எழுத 2021 டிசம்பர் ஆனது. சௌமியா விலகியது 2022 நவம்பரில். சென்னையில் வருடக்கணக்காகக் காசநோய் ஆராய்ச்சி செய்தவர் அவர். காசநோயும் காற்றில் பரவுவதுதான், அதனால் அவர் வாயிலிருந்து இது வருவது எனக்கு இன்னும் கனமாகத் தெரிகிறது. பிந்தித்தான் சொன்னார், சரி. ஆனால் சொல்லாமலே போயிருக்கலாம், யாரும் மறித்திருக்க மாட்டார்கள். அடுத்த நோய் வரும்போது அந்தக் கதிரையில் இருப்பவருக்கு இந்த ஒரு வசனம் உதவும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

கேள்வி: நம் நாட்டில் அப்படி யார் ஒத்துக்கொண்டார்கள்?
– வாசகர், மாளிகாவத்தை

பதில்: நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. கொரோனாவில் இறந்தவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இருந்தும், நிலத்தடி நீரைக் காரணம் காட்டி 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பிறந்து 20 நாளான முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். அந்த டிசம்பரில் அதை எதிர்த்து, கொழும்பு பொரளை கனத்தை மயானத்தின் வேலிக் கம்பிகளில் மக்கள் வெள்ளைத் துணிகளை முடிந்துவிட்டுப் போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2021 பெப்ரவரியில்தான் புதைக்க அனுமதி வந்தது, அப்புறம் முஸ்லிம்களின் ஜனாஸாக்களை, அதாவது உடல்களை, கிழக்கே ஓட்டமாவடி வரை கொண்டுபோக வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அது அரசின் மன்னிப்பு. அந்த ஆலோசனையைக் கொடுத்த நிபுணர்கள் தங்கள் பெயரைச் சொல்லி, பிழை என்று சொன்னால்தான் அது அந்தத் தாய் தகப்பனிடம் போய்ச் சேரும்.

கேள்வி: எங்கள் பகுதிப் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா ஓய்வு பெறுகிறார். கொரோனா நேரம் வீடு வீடாக அலைந்தவர். என்ன செய்யலாம்?
– வாசகர், முகத்துவாரம்

பதில்: பொன்னாடை போடுங்கள், நல்லது. அதோடு ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டு, எந்த வீட்டுக் கதவைத் தட்டப் பயந்தார், எந்த உத்தரவைப் பிழை என்று தெரிந்தும் நிறைவேற்றினார் என்று கேளுங்கள். எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்துங்கள். அந்தக் கொப்பியை அடுத்து வருகிற பரிசோதகரின் கையில் கொடுங்கள்.