தனியார் ஸ்கூல் டீச்சருங்க ஏன் வேலைய விட்டுட்டுப் போறாங்க?

பி.எட் வரைக்கும் படிச்சவங்க ஏன் பாதியிலயே இந்த வேலைய விடுறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல ஆறு வருஷம் கணக்கு எடுத்துட்டு வெளிய வந்தவ, அதனால தமிழ்நாட்டு நிலவரத்த மட்டும் சொல்றேன்.

சம்பளம் ஒரு காரணம்தான். 2015ல இருந்து பி.எட்டே ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, அவ்வளவு படிச்சும் நெறைய ஸ்கூல்ல கவர்மெண்ட் டீச்சர் சம்பளத்துல கால்வாசி கூட வராது. 2020 லாக்டவுன்ல பல இடத்துல அதையும் பாதியாக்கிட்டாங்க, கூட வேலை பாத்த ரெண்டு பேர் அப்ப வேற வேலைக்குப் போனவங்கதான், திரும்பி வரவே இல்ல.

ஆனா எனக்கு வெறுத்துப் போனது அதனால இல்லங்க. மே மாச வெயில்ல வீடு வீடா போய் அட்மிஷன் பிடிக்கணும், பத்தாவது எடுத்தா காலைல ஸ்பெஷல் கிளாஸ் சாயங்காலம் ஸ்டடி, ஒரு பையன் ஃபெயிலானா ஸ்கூல நடத்துற கரஸ்பாண்டன்ட் ரூம்ல நிக்க வச்சு கேள்வி, ஃபீஸ் கட்டாத பிள்ளைய கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வைக்கச் சொல்வாங்க, அந்தப் பிள்ளை தலைய குனிஞ்சு நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு. விட்டுப் போகலாம்னா ஒரிஜினல் சர்டிபிகேட் அவங்ககிட்ட மாட்டிக்கிட்டு இருக்கும்.

கவர்மெண்ட் வேலைக்கு முயற்சி பண்ணலாமேன்னா, டெட்டுங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணாலும் 2018ல வந்த அரசாணை 149 படி இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும். 2013ல பாஸ் பண்ணி வேலை கிடைக்காமலே வயச தொலைச்சவங்க எத்தனையோ பேர்.

நான் இப்ப வீட்டுலயே ட்யூஷன் எடுக்கறேன், பதினஞ்சு பசங்க. பாடம் நடத்துறது அன்னைக்கும் பிடிச்சுது, இன்னைக்கும் பிடிக்குது.