கூல், கோல்ட், சில்... வாசகர் கேள்வி பதில்

கே: ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை இங்கிலீஷ்ல எழுத சொன்னாங்க சார். "மனம் குளிர வரவேற்கிறோம்"னு நாம சொல்றத நெனச்சு "கூல் வெல்கம்"னு எழுதினேன், டீச்சர் அடிச்சிட்டு "வார்ம் வெல்கம்"னு போட்டுட்டாங்க. வார்ம்னா வெதுவெதுப்பு தானே, இந்த வெயில்ல யாராவது வெதுவெதுப்பா வரவேற்பாங்களா? (பிளஸ் ஒன் மாணவி, பாலக்கோடு)

டீச்சர் மாத்தினது சரிதாம்மா, ஆனா நீ நெனச்சதும் தமிழுக்கு முழுக்க சரி. நம்ம தர்மபுரி பக்கம் ஏப்ரல், மே மதியத்துல பஸ் எறங்கி நடந்து வர்ற சொந்தக்காரங்க கையில ஒரு சொம்பு மோர் குடுத்துப் பாரு, அண்ணாந்து மடமடன்னு குடிச்சிட்டு சொம்ப கீழ வெக்கறப்ப ஒரு பெருமூச்சு விட்டு "வயிறு குளிர்ந்துச்சு கண்ணு"ன்னு சொல்வாங்க, அந்த வயித்துக் குளிர்ச்சிதான் நம்ம பாஷையில மனசுக்கும் கண்ணுக்கும் ஏறி உக்காந்திருக்கு. நமக்கு சந்தோஷம்னா குளிர்ச்சி, கெட்டதெல்லாம் சூடு, வயித்தெரிச்சல், மனசு கொதிக்குது, சுடுசொல், இப்படி. இங்கிலாந்துல குளிர் காலத்துல வீடு தேடி வர்றவங்கள கணப்பு பக்கத்துல உக்கார வெக்கறதுதான் உபசாரம், அதனால அவங்க பாஷையில பாசம் சூட்டுல இருக்கு. வார்ம் வெல்கம்னா வாய் நெறைய வாங்கன்னு கூப்பிடறது, கூல் வெல்கம்னா பட்டும் படாம தலைய மட்டும் ஆட்டறது, கோல்ட் வெல்கம் அதவிட மோசம், ஏன்டா வந்தோம்னு வந்தவங்க நெனைக்கற மாதிரி. கண்டுக்காம ஒதுக்கறதுக்கு கோல்ட் ஷோல்டர்னு சொல்றாங்களே, அது சர் வால்டர் ஸ்காட் 1816ல எழுதின நாவல்லயே வருது.

ஒரே ஒரு எடத்துல ரெண்டு பாஷையும் கிட்ட வருது, எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் அது. குளிர்னா பயம். "அவனுக்கு குளிர் விட்டுப்போச்சு"ன்னு நாம சொன்னா பயம் போயிடுச்சுன்னு அர்த்தம், அவங்க ஒருத்தருக்கு "கோல்ட் ஃபீட்"னு சொன்னா கடைசி நேரத்துல பயந்து பின்வாங்கிட்டாருன்னு அர்த்தம். மேடையில பேசறப்ப உனக்கு அது வராம இருக்கட்டும்.

கே: கஸ்டமர் மீட்டிங் முடிஞ்சதும் மேனேஜர் மெயில் போட்டாரு, "தி கஸ்டமர் வாஸ் கூல் டு அவர் ப்ரபோசல்"னு. நல்ல சேதின்னு நெனச்சு டீம் க்ரூப்ல கைதட்டல் எமோஜி போட்டேன், யாருமே பதில் போடல. என்ன தப்பு? (ஓசூர் வாசகர்)

கஸ்டமருக்கு உங்க ப்ரபோசல் பிடிக்கலைங்க, அதத்தான் மேனேஜர் நாசூக்கா எழுதியிருக்காரு. கூல் மட்டும் பாக்காதீங்க, பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற குட்டி வார்த்தையையும் பாருங்க. "கூல் வித்"னு வந்தா சம்மதம், ஆட்சேபணை இல்ல. "கூல் அபௌட் இட்"னு வந்தா அந்த விஷயத்துக்கு அலட்டிக்கல, டென்ஷன் ஆகல. "கூல் டு", "கூல் டுவர்ட்ஸ்"னு வந்தா ஆர்வமே காட்டல. "டு"வுக்கும் "வித்"துக்கும் நடுவுல ஒரு ஆர்டரே போயிடும், அதனால மேனேஜர்கிட்ட நேரா போயி ரேட்டு இடிக்குதா டெலிவரி தேதி இடிக்குதான்னு கேட்டுடுங்க. இன்னொன்னு, "எ கூல் மில்லியன்"னு பணத்தோட சேத்து எழுதியிருந்தா அதுல குளிரும் இல்ல ஸ்டைலும் இல்ல, சுளையா பத்து லட்சம்னு நாம சொல்றமே, அந்த சுளைதான் அது. 18ஆம் நூற்றாண்டுலயே ஒரு தொகைய அழுத்திச் சொல்ல கூல் போட்டுப் பேசியிருக்காங்க.

கே: என் பையன் எதுக்கெடுத்தாலும் கூல்ங்கறான். பஸ்ஸு போயிடுச்சுன்னாலும் கூல், மார்க் கொறஞ்சதுன்னாலும் கூல். இது அலட்சியமா, மரியாதைக் கொறைவா? (ஒரு அப்பா, காரிமங்கலம்)

ரெண்டும் இல்லைங்க. பதறாம இருக்கறதுங்கற அர்த்தம் அந்த வார்த்தைக்கு ரொம்ப பழசு, ஷேக்ஸ்பியரே "கூல் ரீசன்"னு எழுதியிருக்காரு, அதாவது ஆறி அமர யோசிக்கற புத்தி. உங்க பையன் சொல்ற கூல் அமெரிக்காவுல கறுப்பின மக்கள் பேச்சுலேர்ந்து வந்தது, 1930, 40கள்ல ஜாஸ் இசைக்காரங்க மூலமா பரவுச்சு, லெஸ்டர் யங்னு ஒரு சாக்ஸபோன் கலைஞர்தான் அத பிரபலமாக்கினாருன்னு பல பேர் சொல்வாங்க. அந்த காலத்துல அவங்களுக்கு ஓட்டல்ல தனி வாசல், பஸ்ல தனி சீட்டு, ஒரு வெள்ளக்காரர எதுத்து கோபமா பேசினா உசுருக்கே ஆபத்து, அப்படி ஒரு ஊர்ல எவ்ளோ அவமானப்படுத்தினாலும் மூஞ்சியில காட்டாம நிமிந்து நிக்கறது வெறும் ஸ்டைல் கெடையாதுங்க, அது சுயமரியாதை. ராபர்ட் ஃபாரிஸ் தாம்சன்ங்கற ஆய்வாளர் இதுக்கும் முன்னாடி போயி, மேற்கு ஆப்பிரிக்காவுல யொரூபா மக்கள் நிதானத்தையும் நல்ல குணத்தையும் குளிர்ச்சின்னே சொல்றாங்கன்னு 1970கள்ல எழுதினாரு. அதுவும் வெயில் பூமி. அதனால இந்த கூல் இங்கிலாந்து கூலவிட நம்ம மனசு குளிர்ச்சிக்குத்தான் பக்கம்னு நான் நெனைக்கறேன்.

பஸ் போனதுக்கு சொல்லட்டும் விடுங்க. மார்க் கொறஞ்சதுக்கு சொன்னா மட்டும், கூலா இருந்துகிட்டே எங்க கொறஞ்சதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பாருங்க. எழவு வீட்டுல, ஆஸ்பத்திரியில அந்த வார்த்தை வாயிலேர்ந்து வரவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லி வெய்யுங்க.

கே: ரோஜா தோட்டத்துல வேல பாக்கறேன். நம்ம சில்லுனும் இங்கிலீஷ் சில்லும் ஒரே வார்த்தையா? (தளி வாசகி)

இல்லைங்க, காதுக்குத்தான் ஒண்ணா இருக்கு. நம்ம சில்லுனு, ஜில்லுனு எல்லாம் உடம்புல படறத அப்படியே சொல்ற வார்த்தைங்க, சுரீர்னு, வெடுக்னுங்கற மாதிரி. அவங்க சில், கூல், கோல்ட் மூணும் ஒரே வயித்துல பொறந்ததுங்க, லத்தீன் வழியா வந்த ஜெல்லியும் பனியாறுங்கற கிளேஷியரும்கூட பங்காளிங்கதான். வெள்ளக்காரங்க லிட்டில் இங்கிலாந்துன்னு பேரு வெச்ச ஊர்ல இருக்கீங்க, உங்களுக்கு அளவு புரியும்: சாயங்காலம் சுகமா காத்து வந்தா கூல், மார்கழி விடியக்காலையில சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டா சில்லி, வெட்டின பூவ வெக்கற ரூம் கோல்ட்.

கே: கூலிங் கிளாஸ், கூல் ட்ரிங்க்ஸ் ரெண்டும் இங்கிலீஷா? (கிருஷ்ணகிரி)

கூலிங் கிளாஸ் நம்ம ஊரு இங்கிலீஷ், லண்டன்ல சன்கிளாஸஸ்னு கேளுங்க. கூல் ட்ரிங்க் தென்னாப்பிரிக்காவுலயும் சொல்றாங்க, தைரியமா சொல்லுங்க.

கே: சளி பிடிச்சதுக்கு லீவ் லெட்டர்ல "ஐ ஆம் கோல்ட்"னு எழுதினேன், ஆபீஸ்ல சிரிக்கறாங்க. (அரூர்)

அவங்க சிரிச்சது சரியில்ல. "ஐ ஆம் கோல்ட்"னா எனக்கு குளிருது. அதையே இன்னொருத்தர பத்தி "ஷீ இஸ் கோல்ட்"னு எழுதினா பாசமே இல்லாத பொம்பளைன்னுகூட படிச்சிக்கலாம், அதனால கவனம். சளிக்கு நடுவுல ஒரு "எ" வரணும். "ஐ ஹேவ் எ கோல்ட் அண்ட் ஃபீவர்"னு எழுதி அனுப்புங்க, சுக்குக் கஷாயம் குடிச்சிட்டு ரெண்டு நாள் படுங்க.