விலையைத் திருத்திப் பயனில்லை, பூண்டைப் பாருங்கள்

கேள்வி: செண்பகனூரில் இருந்து எழுதுகிறேன். கொடைக்கானல் மலைக்கிராமமான வெள்ளகெவியின் பழைய காலத்தை வைத்து ஒரு சாகச கேம் செய்கிறேன். குதிரையில் சுமை ஏற்றிக் கும்பக்கரை வழியாகக் கீழே இறங்க வேண்டும், வழியில் சில மர்மங்கள் உண்டு. முதல் ஒரு மணி நேரம் ஆடுபவர்கள் கையில் காசே நிற்பதில்லை, கடுப்பாகி விட்டுவிடுகிறார்கள். நாலாவது மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் குவிகிறது, கடையில் வாங்க ஒன்றும் இல்லை. கடை விலைகளை மாற்றி மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை. "எகனாமி டிசைன்" (கேமுக்குள் காசு வரவு செலவை அமைப்பது) செய்து தருகிறேன், ஜெம் (நிஜப் பணம் கொடுத்து வாங்கும் இரண்டாவது நாணயம்) சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஆளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம்.

நீங்கள் அனுப்பிய எண்களை ஒரு தாளில் எழுதிக் கூட்டினாலே கோளாறு எங்கே என்று தெரிந்துவிடுகிறது. ஆரம்பத்தில் நடைக்கு 15 காசு கூலி, மணிக்கு ஐந்து நடை, ஆக 75 காசு. அதில் கொள்ளுக்கும் லாடத்துக்கும் 50 போய், மிஞ்சுவது 25. முதலில் வாங்க வேண்டிய பெரிய சுமைப்பை 150 காசு. ஆறு மணி நேரம் மாடாய் உழைத்தால் ஒரு பை, எவன் உட்கார்ந்திருப்பான்? மூன்று மணி நேரம் தாண்டியதும் கதைப்படி பூம்பாறைப் பூண்டு வியாபாரம் திறக்கிறது. மூட்டையை 30-க்கு எடுத்து வடுகபட்டிச் சந்தையில் 90-க்கு விற்கலாம், நடைக்குப் பத்து மூட்டை, 600 லாபம், மணிக்கு நாலு நடை போனால் 2,400. உங்கள் கடையில் இருக்கிற அத்தனை சாமானின் விலையையும் கூட்டினால் 3,400 தான் வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் கடையே காலி.

மணிக்கு 25 காசு மிச்சம் பிடிக்கிறவனும் 2,400 சம்பாதிக்கிறவனும் ஒரே விலைப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் எந்த எண்ணை மாற்றினாலும் இரண்டு பேரில் ஒருவருக்கு அடி விழும். அதனால் விலையை விட்டுவிடுங்கள், காசு உள்ளே வருகிற வழியைப் பாருங்கள்.

முதல் மணி நேரத்துப் பிரச்சினை சின்னது. பை வாங்கும்வரை லாடச் செலவை எடுத்துவிடுங்கள், வழியில் கண்டுபிடிக்கிற விஷயங்களுக்கு ஒரே ஒரு தடவை கிடைக்கும் பரிசாக மொத்தம் 100 காசு வையுங்கள். ஒரு தடவை மட்டும் கிடைக்கும் காசால் ஒரு கேமும் கெட்டதில்லை, அதை நீங்கள் உட்கார்ந்து எண்ணிவிடலாம். கெடுப்பது எல்லாம் திரும்பத் திரும்பச் செய்யக்கூடிய வருமானம்தான்.

பூண்டு அப்படிப்பட்டது. ஒரே நாளில் லாரி லாரியாகப் பூண்டு இறங்கினால் வடுகபட்டியில் விலை என்ன ஆகும் என்று மலையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கேமில் மட்டும் பத்தாவது மூட்டையும் 90-க்கே போகிறது. முதல் மூன்று மூட்டை 90, அதற்கு மேல் மூட்டைக்கு 8 காசு குறையட்டும். பத்தாவது மூட்டை 34-க்குப் போகும், அதில் லாபம் வெறும் 4 காசு. பத்துக்கும் சேர்த்து லாபம் 600-க்குப் பதில் 376. அதைவிட முக்கியம், உடனே இன்னொரு நடை போனால் 34-இல் இருந்துதான் ஆரம்பம், போக மனசே வராது. அப்போது ஆடுபவர் ஆறேழு மூட்டையோடு நிறுத்திவிட்டு மீதி இடத்தில் மருந்தோ தபாலோ ஏற்றுவார், அதற்காக வேறு பாதையில் போவார், நீங்கள் ஒளித்துவைத்த மர்மத்தையும் பார்ப்பார். சாகச கேமில் காசு இருப்பதே ஆளை அந்தப் பக்கம் நகர்த்தத்தான்.

விலை மீண்டும் ஏற கேமுக்குள் இரண்டு நாள் ஆகட்டும். ஆனால் காத்திருப்பது இலவசமாக இருக்கக் கூடாது. ஸ்கைரிம் என்ற கேமில் கடைக்காரர்களிடம் இருக்கிற பணத்துக்கு அளவு உண்டு, தீர்ந்தால் உங்கள் சாமானுக்கு அவரால் காசு தர முடியாது. நல்ல யோசனைதான், ஆனால் 48 மணி நேரம் காத்திரு என்று ஒரு பட்டனை அழுத்தினால் கல்லா மறுபடி நிறைந்துவிடுகிறது. உங்கள் கேமில் ராத்திரி தங்கினால் குதிரை கொள்ளு தின்னட்டும், இரண்டு குதிரை என்றால் இரண்டு மடங்கு.

காசு வெளியே போகிற வழிக்கு 1986-இல் வந்த முதல் செல்டா கேமைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு அம்பு எய்யும்போதும் ஒரு ரூப்பி (அந்த கேமின் காசு) கழியும், பையில் 255-க்கு மேல் சேரவே சேராது. அதே வரிசையில் 2017-இல் வந்த பிரெத் ஆஃப் தி வைல்டில் தேவதை ஊற்றுகளைத் திறக்க 100, 500, 1,000, 10,000 என்று ஏறிக்கொண்டே போகும். வருமானம் ஏறுகிற வேகத்தில் செலவும் ஏறினால்தான் பின்பாதியில் காசுக்கு மதிப்பு இருக்கும்.

ஒரு இடத்தில் மட்டும் இந்த ஞாயம் எதுவும் செல்லாது: கதை நகர வேண்டிய வாசல். உங்கள் கேமில் ஆற்றைக் கடக்க 80 காசு சுங்கம் வைத்திருக்கிறீர்கள். ஒருவர் இருந்த காசுக்கெல்லாம் கயிறு வாங்கிவிட்டு 12 காசோடு வந்து நிற்கிறார் என்று வையுங்கள். குதிரைக்குக் கொள்ளு வாங்கினால்தான் நடை போகலாம், கொள்ளு 15. கயிற்றைத் திருப்பி விற்கக் கடையில் வழி செய்யவில்லை. ஆட்டோ-சேவ் வேறு அந்த நிலைமையையே பதிவு செய்துவிட்டது. அவருக்கு மிச்சம் இருப்பது கேமை அழிப்பது ஒன்றுதான். இது அபூர்வமாகத்தானே நடக்கும் என்று நினைக்காதீர்கள், நூற்றில் ஒருவருக்கு நடந்தாலும் விமர்சனம் எழுதுபவர் அந்த ஒருவராகத்தான் இருப்பார். ஆகவே கதைவாசலில் காசு கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால் பக்கத்திலேயே விறகு பொறுக்கும் வேலை ஒன்று எப்போதும் திறந்திருக்கட்டும். கையில் 80-க்குக் கீழே இருந்தால் மட்டும் கூலி, 80 ஆனதும் "இன்றைக்குப் போதும்பா" என்று வேலை தரும் கிழவி அனுப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயே உட்கார்ந்து ராத்திரி முழுக்க விறகு பொறுக்குகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

அடுத்து டெஸ்டர், அதாவது வெளியிடும் முன் கேமை ஆடிப் பார்ப்பவர்கள். கூகுள் பிளேயில் தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால் 25 டாலர் கட்டுவதோடு, 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதனையில் வைத்திருக்க வேண்டும். கம்பெனிப் பெயரில் கணக்கு இருந்தால் அந்த நிபந்தனை கிடையாது. யாருக்கு ஆள் கிடைக்காதோ அவனிடம்தான் ஆள் கேட்பார்கள், இதற்குப் பெயர் தர உறுதியாம். உடனே "12 டெஸ்டர் சப்ளை" என்று ஒரு கூட்டம் கடை விரித்துவிட்டது. அவர்களிடம் போகாதீர்கள். அந்த ஆட்கள் கேமைத் திறந்து மூடுவார்கள், அவ்வளவுதான். ஆடாமல் விட்ட அந்த எட்டுப் பத்துப் பேரின் பூஜ்யமும், ஆடுபவர் கையில் சேரும் காசுக்கு நீங்கள் போடும் சராசரியில் கலந்துவிடும், அதைப் பார்த்து "காசு பற்றவில்லை போல" என்று நீங்கள் இன்னும் அள்ளிக் கொடுப்பீர்கள். ஏற்கெனவே போய்விட்டீர்களோ, பூண்டில் பாதி குழப்பம் அப்படி வந்ததுதானோ என்று எனக்குச் சந்தேகம். மூஞ்சிக்கல் டீக்கடையில் தெரிந்த நாலு பேரிடம் போனைக் கொடுத்துப் பின்னால் நின்று பாருங்கள், எங்கே கடைப் பக்கம் போவதை நிறுத்துகிறார்கள் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, ஜெம் ஆசாமி. இரண்டாவது நாணயம் என்பது இலவச கேம்களின் வித்தை. அங்கே ஆடுபவருக்குத் தட்டுப்பாடு வந்தால்தான் ஜெம் விற்கும், அதனால் தட்டுப்பாட்டைத் திட்டம் போட்டு வளர்ப்பார்கள். ஒரு தடவை விலை கொடுத்து வாங்குகிற கேம் உங்களுடையது, அதில் ஜெம் வந்தால் உங்கள் முதல் மணி நேரம் என்றைக்கும் சரியாகாது. டயாப்லோ 3 என்ற கேமில் நிஜப் பணத்துக்குப் பொருள் விற்கும் ஏலக்கடையை 2012-இல் திறந்தார்கள், ஆட்டத்தையே கெடுக்கிறது என்று அவர்களே 2014 மார்ச்சில் மூடினார்கள். ஜெம்மைத் திரும்பப் பணமாக மாற்றலாம் என்று அவர் ஆசை காட்டினால் பேச்சை அங்கேயே முறித்துக்கொள்ளுங்கள். பணம் கட்டிப் பணம் எடுக்கும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தில் தடை இருக்கிறது, மாட்டுவது நீங்கள், அவர் இல்லை. என் கேமை எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மீன் வளர்க்கிற கேமுக்குக் கொடுத்த அதே ஷீட்டைப் பெயர் மாற்றி உங்களுக்கும் தருவார்.

பூண்டை முதலில் மாற்றுங்கள், வேறு எதையும் தொடாமல் ஆடவிட்டுப் பாருங்கள், அடுத்து கொள்ளு, கடைசியில் தேவைப்பட்டால் மட்டும் கடை விலை. அந்த 20,000 ரூபாயை அனிமேஷன் தெரிந்த யாரிடமாவது கொடுங்கள், உங்கள் குதிரை இறக்கத்தில் நடக்கும்போது பின்னங்கால் இரண்டும் ஒன்றாக நகர்கிறது.