முதலில் உங்கள் பாஸ்போர்ட்டை எழுதிக்கொள்ளும் லாட்ஜைத் தேடுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் இருந்து ஆறு மாதப் பயிற்சிக்காகச் சென்னை வருகிறீர்கள். வெள்ளிக்கிழமை இறங்குகிறீர்கள். சனி இரவு சேப்பாக்கத்தில் ஐபிஎல் போட்டி, டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்த ஆட்டம், உங்களுக்கு எப்படியோ ஒன்று கிடைத்துவிட்டது. விடுதி திங்கள் காலைதான் திறக்கும். அதுவரை மூன்று இரவுக்கு, மைதானத்துக்கு நடந்து போகிற தூரத்தில், கையைக் கடிக்காத வாடகையில் ஓர் அறை வேண்டும். கூடவே எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும், சிம் எங்கே வாங்குவது, இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மூன்றுக்கும் வழியில் போகிற யாரும் பதில் சொல்வார்கள். அறை விஷயத்தை மட்டும் நான் சொல்கிறேன். நானும் உங்களைப் போல இலங்கையில் இருந்து வந்து அதைப் பட்டு அறிந்தவன்.

நடந்து போகிற தூரம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டி இருப்பது திருவல்லிக்கேணி. வாலாஜா சாலை, பெல்ஸ் ரோடு, பெரிய தெரு, பைகிராப்ட்ஸ் ரோடு என்று எங்கே திரும்பினாலும் மேன்ஷன்கள். வேலை தேடி வந்த பையன்கள் காலம் காலமாகத் தங்குகிற இடம். பெயரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, நடைபாதைக் கோடியில் பொதுக் குளியலறை. பெரும்பாலும் மாத வாடகை. நாள் வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு, ஆனால் போட்டி நாளில் அந்த அறைகளுக்கு மதுரை, சேலம், கோயம்புத்தூரில் இருந்து வருகிறவர்கள் முந்திவிடுவார்கள். மைதானத்தில் முப்பத்தெட்டாயிரம் பேர் வரை உட்காரலாம். அதில் வெளியூர்க்காரர்கள் கொஞ்சப் பேர் வந்தாலே திருவல்லிக்கேணி நிரம்பிவிடும். அட்டவணை வெளிவந்த அன்றே வாடகை ஏறிவிடும். இரண்டு மடங்கு கேட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் உங்களுக்குப் பிரச்சினை வாடகை இல்லை, பாஸ்போர்ட்.

வெளிநாட்டுக் குடிமகன் ஒருவரைத் தங்க வைக்கிற எவரும், லாட்ஜ் ஆனாலும் சரி, வீடு ஆனாலும் சரி, 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு விவரம் அனுப்ப வேண்டும். லாட்ஜ்காரர்கள் இதை சி ஃபார்ம் என்பார்கள். இணையத்தில் ஏற்றுகிற வேலைதான், சில நிமிடம் போதும். ஆனால் சின்ன லாட்ஜ்களில் பலர் அதற்கான கணக்கே எடுத்து வைத்திருப்பதில்லை. அதனால் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் “ரூம் இல்ல சார்” என்று முடித்துவிடுவார்கள். கைபேசிச் செயலியில் பணம் கட்டி, உறுதி என்று செய்தியும் வந்து, வாசலில் போய் நின்ற பிறகு “இந்தியன் ஐடி மட்டும்தான்” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். பணம் திரும்ப வர இரண்டு வாரம். அந்த இரவுக்கு என்ன செய்வது?

ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன்னால் லாட்ஜுக்கு நேரே போன் போடுங்கள். முதல் கேள்வியே இதுவாக இருக்கட்டும்: “இலங்கை பாஸ்போர்ட், சி ஃபார்ம் போடுவீங்களா?” போடுவோம் என்றால் மட்டும் வாடகையைக் கேளுங்கள். பதில் சொன்னவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் படம் காட்டி முன்பணம் கேட்கிறவர்களுக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். போட்டி நேரத்தில் இந்த ஏமாற்று அதிகம்.

எங்கே கேட்பது? முதலில் எழும்பூர். ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் என்று ஒரு சந்து, இருபுறமும் லாட்ஜ். மகாபோதி சங்கமும் அந்தச் சந்தில்தான் இருக்கிறது, புத்தகயாவுக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்கள் வந்து தங்குவார்கள். அதனால் அந்தப் பக்கத்து லாட்ஜ்காரர்களுக்கு நம் பாஸ்போர்ட் புதிதில்லை. அடுத்தது மண்ணடி. கொழும்பில் இருந்து சரக்கு எடுக்க வருகிற வியாபாரிகள் பல காலமாகத் தங்குகிற இடம், வாடகையும் குறைவு. அறையைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள், மூட்டைப்பூச்சி உண்டா என்று மெத்தையைத் தூக்கிப் பாருங்கள்.

இரண்டு இடத்தில் இருந்தும் மைதானம் தூரமில்லை. மண்ணடியில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம், சென்ட்ரல், அதற்கு அடுத்தது அரசினர் தோட்டம். அங்கே இறங்கி வாலாஜா சாலை வழியாக மஞ்சள் சட்டைக் கூட்டத்தோடு நடந்தால் மைதானம். எழும்பூரில் ஏறினால் சென்ட்ரலில் மாற வேண்டும், அவ்வளவுதான். இரண்டிலும் கிடைக்காவிட்டால் கிண்டி, ஆலந்தூர் பக்கம் பாருங்கள். விமான நிலையத்தில் இருந்து வருகிற அதே நீல வழித்தடம் நேரே அரசினர் தோட்டம் போகிறது. வேளச்சேரியில் கிடைத்தால் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம் நிலையத்திலேயே இறங்கலாம். ஆட்டம் முடியப் பதினொன்றரை ஆகிவிடும், கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று போகும்போதே கேட்டு வையுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். சின்ன லாட்ஜ்களில் வாடகை 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறுக்கு நுழைந்தால் மறுநாள் ஆறுக்கு அடுத்த நாள் வாடகை ஏறும், ஆகவே மாலையில் நுழைவது லாபம். கையில் ரொக்கம் வைத்திருங்கள், இங்கே எல்லோரும் ஜிபே கேட்பார்கள், உங்களிடம் முதல் வாரத்தில் அது இருக்காது. பையோடு மைதானத்துக்குப் போகலாம் என்றும் நினைக்க வேண்டாம், வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. இங்கே இருக்கிற நம்மவர்கள் சிலர் உங்களுக்கு வேறு யோசனை சொல்வார்கள். “இலங்கை என்று சொல்லாதே, தூத்துக்குடி என்று சொல்லு.” “என் நண்பனின் ஆதாரில் ரூம் போடுகிறேன், நீ பேசாமல் போய்ப் படு.” தயவுசெய்து கேட்காதீர்கள். போட்டி நாளில் போலீஸ் லாட்ஜ் பதிவேட்டைப் பார்க்க வந்தால், பதிவேட்டில் இல்லாத அயல்நாட்டுக்காரர் அறையில் இருந்தால், அந்த நண்பரும் மாட்டுவார், லாட்ஜ்காரரும் மாட்டுவார், உங்கள் விசாவும் பயிற்சியும் கேள்விக்குறி ஆகும். முப்பது வருடமாக ஊர்ப் பெயரை மறைத்தே வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும். மகளின் பள்ளிக்கூடத்தில்கூடத் தூத்துக்குடி என்றே எழுதியவர் உண்டு. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரியும், 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்த ஊரில் நமக்கு வீடு கேட்டுப் போவது எப்படி இருந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள். ஆனால் அந்தப் பயத்தை இன்றைக்கு வருகிற பிள்ளைகளின் தலையில் ஏற்றுவது தவறு.

நான் வந்தது 1999 ஜனவரி 27, புதன்கிழமை. அதற்கு முன் ஒரு வருடம் கொழும்பு வெள்ளவத்தையில் லாட்ஜ் வாழ்க்கை. பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் தெருவில் இறங்க முடியாது, நள்ளிரவில் கதவைத் தட்டுவார்கள். சென்னையில் எல்லோரும் தமிழ் பேசுகிறவர்கள், இனி அந்தத் தொல்லை இல்லை என்று நம்பி விமானம் ஏறினேன். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் பிடித்து எழும்பூரில் இறங்கியபோது இருட்டிவிட்டது. கையில் ஒரு பெட்டி, 1,800 ரூபாய்.

மறுநாள் சேப்பாக்கத்தில் இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட் தொடங்குகிறது என்பது எனக்குத் தெரியாது. பாகிஸ்தானை டெல்லியில் ஆடவிட மாட்டோம் என்று சிலர் அங்கே ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டிருந்த நேரம். சென்னை முழுக்க போலீஸ். ஊர் ஊராக ரசிகர்கள் வந்து லாட்ஜ் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. முதல் லாட்ஜில் “அறை வாடகைக்கு இருக்கோ?” என்று கேட்டேன். அந்த ‘இருக்கோ’வில் உள்ள ஓகாரம் ஒன்றே போதுமாக இருந்தது. நிமிர்ந்து பார்த்து, “சிலோனா?” என்றார், பிறகு “ஹவுஸ்ஃபுல்” என்றார். இரண்டாவது இடத்தில் “ஜெயசூர்யா ஊரா?” என்று சிரித்துப் பேசிவிட்டு அதே பதில். நாலாவது லாட்ஜில் இருந்த வயதானவர்தான் உண்மையைச் சொன்னார். “தம்பி, ரூம் ஒண்ணு இருக்கு. ஆனா மேட்ச் முடியிற வரைக்கும் தினம் ராத்திரி ரெஜிஸ்டர் பார்க்க வராங்க. உன் பேரை எழுதினா நான் பதில் சொல்லணும்.”

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திருவல்லிக்கேணி வரை நடந்தேன். மேன்ஷன்களில் உள்ளூர் ஆள் ஜாமீன் கேட்டார்கள். பதினொரு மணிக்கு ஒரு மெஸ்ஸில் கடைசிப் பந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். மெஸ் நடத்தியவர் ராமநாதபுரத்துக்காரர். ஒன்றும் கேட்காமல் மாவு அரைக்கிற அறையில் பாய் விரித்துக் கொடுத்தார். காலையில் காபியைக் கையில் தந்து, “முதல்ல போலீஸ் ஸ்டேஷன்ல போய் நீயே எழுதிக் குடு. ஒளிஞ்சு தங்குறவனுக்குத்தான் இந்த ஊர்ல ரூம் இல்ல” என்று கூடவே நடந்து வந்தார். அரை நாள் காத்திருந்து, எழுதிக் கொடுத்து, சீல் குத்திய தாளோடு திரும்பினேன். முந்தின இரவு ஜாமீன் கேட்ட அதே மேன்ஷனில் அந்தத் தாளைக் காட்டியதும் நாலாவது ஆளாக ஒரு கட்டில் கிடைத்தது.

அறையில் இருந்த மூன்று பேரும் சிவகங்கை, திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள், தேர்வுக்குப் படிக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை, கடைசி நாளில் என்னையும் பெல்ஸ் ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். டிக்கெட் யாரிடமும் இல்லை. ஒரு டீக்கடை ரேடியோவைச் சுற்றி நாற்பது பேர். இந்தியா வெல்ல 271 எடுக்க வேண்டும். சச்சின் 136இல் போனதும் தெருவே அமைதி. 12 ஓட்டத்தில் தோற்றோம் என்றபோது மதிலுக்கு உள்ளே இருந்தும் ஒரு சத்தமும் வரவில்லை. அப்புறம் மெல்லக் கைதட்டல் தொடங்கியது, நிற்கவே இல்லை. பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வருகிறது, எல்லோரும் எழுந்து நின்று தட்டுகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். எனக்கு ‘தோற்றோம்’ என்ற சொல் எப்படி வாயில் வந்தது என்று தெரியாது, ஊரில் நான் இந்தியாவுக்கு ஆதரவு கொடுத்தவனே இல்லை. அந்தத் தெருவில் நின்று நானும் தட்டினேன்.

அதன் பிறகு வளசரவாக்கம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, வீட்டுக்காரருக்குப் பத்து மாத அட்வான்ஸ். இன்றைக்குத் தமிழ்நாட்டுச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. பயிற்சி முடிந்து வீடு எடுக்கிற நிலை வந்தால் அதைச் சொல்லிப் பேசுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்து டிசம்பரில் வருகிற நம்மவர்கள் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். இரண்டு மாதம் இருந்துவிட்டு ஊரையும் திட்டிவிட்டுப் போகிறார்கள், ஏறிய வாடகையை நாங்கள் கட்டுகிறோம். எனக்கு அதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. இந்த ஊரின் பேச்சை நான் கற்றுக்கொண்டேன். ஆட்டோக்காரரோடு அவர் பாஷையிலும், அம்மாவோடு போனில் நம் பாஷையிலும் பேசுகிறேன். யார் கேட்டாலும் சொந்த ஊர் சாவகச்சேரி என்று சொல்கிறேன்.

அந்த மெஸ் இருந்த இடத்தில் இப்போது கைபேசி பழுது பார்க்கிற கடை. பெரிய தெருப் பக்கம் போனால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

எழும்பூரிலும் மண்ணடியிலும் இன்றே போன் போடுங்கள், போட்டிக்கு முந்தின நாள் வரை தள்ள வேண்டாம். எங்குமே கிடைக்கவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள். வளசரவாக்கத்தில் மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. வீட்டில் தங்கினாலும் அந்த ஃபார்மை நான் போட்டாக வேண்டும், ஆகவே பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலையும் ஒரு புகைப்படத்தையும் கையில் எடுத்து வாருங்கள்.