வேடியப்பனின் வயது

அன்புள்ள ஐயா,
சுருள் கேலக்ஸிகளில் சூப்பர்நோவாக்கள் பெரும்பாலும் கரங்களில்தான் வெடிக்கின்றன என்று படித்தேன். வெடிப்பவை கிழட்டு நட்சத்திரங்கள் என்றால், வயதானவை நிறைந்த நடுப்பகுதியில்தானே அதிகம் வெடிக்க வேண்டும்? திருவாதிரை எப்போது வெடிக்கும்?
ஒரு கல்லூரி மாணவன், பென்னாகரம்

அன்புள்ள தம்பி,

திருவாதிரையை விடு. நாளைக்கும் வெடிக்கலாம், லட்சம் வருஷமும் ஆகலாம். 'கிழட்டு நட்சத்திரம்' என்று எழுதினாயே, அதற்குத்தான் இந்தப் பதில். செத்தவர்கள் எல்லாரும் கிழவர்கள் என்று உனக்கு யார் சொன்னது?

எங்கள் மேட்டுக்கொல்லையின் ஓரத்தில், புளியமரத்தடியில் ஒரு வேடியப்பன் கல் உண்டு, சண்டையில் செத்த வீரனுக்கு நட்ட நடுகல். எண்ணெயும் மஞ்சளும் ஏறி முகமே தெரியாது. வில் பிடித்த கை மட்டும் தெரியும். சின்ன வயதில் நான் அவரைத் தாடி வைத்த கிழவராகத்தான் நினைத்திருந்தேன். ஒரு பொங்கலுக்குக் கல்லைக் கழுவிக்கொண்டே தாத்தா சொன்னார்: "மாட்ட ஓட்டிகினு போனவனுங்கள மறிச்சி செத்தவன்டா. மீசகூட ஒழுங்கா மொளச்சிருக்காது." கல்லுக்குத்தான் வயது. அவன் ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் விழுந்த பையன்.

நட்சத்திரத்திலும் அதே கணக்குதான். சூரியனைவிட 20 மடங்கு நிறை இருந்தால் எரிபொருள் 20 மடங்கு. செலவோ பல்லாயிரம் மடங்கு. சுமார் 1 கோடி வருஷத்தில் கதை முடிந்துவிடும். நம் சூரியனுக்கு இப்போதே 460 கோடி வயது. அது கேலக்ஸியை ஒருமுறை சுற்றிவரவே 20 கோடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1 கோடியில் சாகிறவன் எவ்வளவு தூரம் போவான்? பிறந்த கரத்தைத் தாண்டுவதற்குள் விழுந்துவிடுகிறான். அப்படி ஒன்று வெடித்தால், அந்தப் பக்கம் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிறப்பு ஏறக்குறைய நின்றுபோன நீள்வட்டக் கேலக்ஸிகளில் இந்த ரகம் மிக அபூர்வம்.

சரி, நீ சொல்லும் கிழங்களும் வெடிப்பதுண்டு. வெள்ளைக் குள்ளன், அதாவது சூரியன் மாதிரி நட்சத்திரம் எரிந்து முடிந்தபின் மிஞ்சும் கரு, பக்கத்து நட்சத்திரத்திடம் பொருளை இழுத்துத் தின்றோ இன்னொரு குள்ளனோடு மோதியோ வெடிக்கும். நடுப்பகுதியிலும் நடக்கும், கரத்திலும் நடக்கும். வெடிப்பின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலையில் ஹைட்ரஜன் கோடு இருந்தால் பெரும்பாலும் இளசு. இல்லையென்றால் உடனே கிழம் என்று முடிவுகட்டாதே, ஹைட்ரஜன் மேலுறையை முன்பே உதறிவிட்ட இளசும் உண்டு.

தாத்தா 80 வயதிலும் அந்தக் கல்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிடுவார். பேரன் வயதுப் பையன் காலில்.